ஒரே ஒரு வெற்றி

சார்லட் நகரின் நடுவே உள்ள நாஸ்கார் புகழ்க்கூடத்துக்கு நாங்கள் விரும்பிச் சென்றவர்கள் அல்லர். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. காலையிலிருந்து மழை. கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரத்தைக் கழிக்க வேறு இடம் தோன்றவில்லை. வட கரோலினாவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியும், இம்மண்ணின் மக்கள் உயிராய்க் கொண்டாடும் கார்ப் பந்தயம் ஒன்றை நாங்கள் இருவரும் முழுமையாகப் பார்த்ததே இல்லை. ஒரே ஒருமுறை நண்பர்களின் வற்புறுத்தலுக்காக மார்ட்டின்ஸ்வில் பந்தயத் திடலுக்குப் போய், காதுகளில் பஞ்சை அடைத்துக்கொண்டு நூறு சுற்று வரை உட்கார்ந்திருந்துவிட்டு, 'செக்கு மாடு சுற்றுவதைப் போலச் சுற்றுகிறார்கள், இதில் பார்க்க என்ன இருக்கிறது' என்று எழுந்து வந்துவிட்டோம். புத்தகம் படிப்பவர்கள் என்று தம்மைத் தாமே எண்ணிக்கொள்பவர்களுக்குச் சத்தம் மிகுந்த விளையாட்டுகள் மீது இருக்கும் இலேசான ஏளனம் எங்களுக்கும் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

புகழ்க்கூடத்தின் உள்ளே, போகப்போகச் சரிவு கூடிக்கொண்டே போகும் பாதையொன்றில் பழைய பந்தயக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது பதினோரு வயதான எங்கள் மகன் கார்களைவிட எண்களையே அதிகம் பார்த்தான். எந்த ஓட்டுநர் எத்தனை பந்தயங்களை வென்றார் என்பதைத் தேடித் தேடி உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். ரிச்சர்ட் பெட்டி, 200. டேவிட் பியர்சன், 105. டேல் எர்ன்ஹார்ட், 76. மதிப்பெண்களைப் பார்த்தே மனிதர்களை மதிப்பிடும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டியவர்கள் நாங்கள்தாம் என்பதால் அதில் எங்களுக்கு வியப்பேதும் இல்லை. வெண்டெல் ஸ்காட் என்ற பெயருக்கு வந்தபோது அவன் குரல் தயங்கியது.

"ஒண்ணே ஒண்ணுதானா? அப்புறம் எதுக்கு இவர இங்க வச்சிருக்காங்க?"

"அவர் கறுப்பினத்தவர். அந்தக் காலத்துல அவங்கள ஓட்டவே விடமாட்டாங்க. இவர்தான் முதல்ல ஜெயிச்சவர்" என்றோம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ பாவம்னு குடுத்தாங்களா?" என்று கேட்டான்.

பதில் சொல்லத் திறந்த வாயை நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டோம். அவன் கேட்டதில் தவறில்லை. எங்கள் விடையில்தான் தவறு இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய ஒருவரை நாங்கள் ஒரே வாக்கியத்தில் ஒரு தோலின் நிறமாகச் சுருக்கியிருந்தோம். அந்த வாரமே நூலகத்திலிருந்து பிரையன் டொனோவன் 2008-இல் எழுதி வெளியிட்ட 'ஹார்ட் டிரைவிங்' என்னும் ஸ்காட்டின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தோம். இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். எங்கள் மகனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

*

ஸ்டாக் கார் என்ற சொல்லுக்கு முதலில் ஒரு விளக்கம் தேவைப்படும். பந்தயத்துக்கென்றே தனியாக வடிவமைக்கப்படும் ஒல்லியான, சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள் வேறு. கடையில் விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் காரையே எடுத்து ஓட்டுவது என்பதுதான் ஸ்டாக் கார் பந்தயத்தின் தொடக்கம். பில் பிரான்ஸ் என்பவரின் முன்முயற்சியில் 1948-இல் நாஸ்கார் அமைப்பு உருவாகி, 1949 ஜூனில் சார்லட் நகரில் தனது முதல் ஸ்டாக் கார் பந்தயத்தை நடத்தியது. இன்று ஓடும் கார்களுக்கும் கடைக் கார்களுக்கும் பெயரிலும் முகச்சாயலிலும் தவிர உறவேதும் இல்லை; ஆனால் தொடக்கத்தில், மெக்கானிக் வேலை தெரிந்த எவரும் கையில் உள்ள காரைச் சீர்படுத்திக்கொண்டு வந்து ஓட்ட முடிந்தது.

இதற்கு இன்னொரு வேரும் உண்டு. வர்ஜீனியா, கரோலினா மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிழைத்தவர்கள், இரவில் காவல்துறையை முந்திச் செல்வதற்காகவே கார் எஞ்சின்களின் வலுவைக் கூட்டினார்கள். வெளித்தோற்றம் குடும்பக் கார், உள்ளே புயல். வார நாட்களில் காவலர்களை முந்தியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரையொருவர் முந்திப் பார்த்தார்கள். 50 பந்தயங்களை வென்ற ஜூனியர் ஜான்சன் கள்ளச்சாராய வழக்கில் சிறை சென்றவர். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2010-இல் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் ஐவரில் அவரும் ஒருவர். அந்தக் குற்றம் இன்று ஒரு செல்லமான பழங்கதையாகிவிட்டது.

வெண்டெல் ஸ்காட்டும் அதே சாலைகளில்தான் ஓட்டக் கற்றார். 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியாவின் தென் எல்லையில் உள்ள டான்வில் நகரில் பிறந்தவர். புகையிலைக் கிடங்குகளும் பருத்தி ஆலைகளும் நிறைந்த ஊர் அது. ஒரு கறுப்பின இளைஞனுக்கு முன்னால் இருந்த வழி அவ்விரண்டில் ஒன்றுக்குள் நுழைந்து, பிறர் ஏவிய வேலையைச் செய்து முடிவதுதான். அதை எப்படியாவது தவிர்த்துவிட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வசதியான வெள்ளையர் குடும்பங்களுக்குக் காரோட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்த தந்தையிடமிருந்து தொழில் வந்தது. டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் தனித்தனியே பிரித்து வைத்திருந்த இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். திரும்பி வந்து பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிள்ளைகள் பெருகிய வீட்டுக்கு அந்த வருமானம் போதாமல், இரவில் சாராயம் கடத்தினார். 1949-இல் ஒருமுறை பிடிபட்டபோது நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது.

அவர் பந்தயத்துக்குள் வந்த கதையில் சிரிப்பதற்கும் கூசிப்போவதற்கும் சம அளவில் இடமுண்டு. 1952-இல் டான்வில் திடலில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கூட்டம் போதவில்லை. கறுப்பர் ஒருவரை இறக்கிவிட்டால் கறுப்பின மக்களும் சீட்டு வாங்கி வருவார்கள் என்று கணக்கிட்டார்கள். யாரைத் தேடுவது? உள்ளூர்க் காவல் நிலையத்தில் போய், நன்றாகக் காரோட்டும் கறுப்பர் யார் என்று கேட்டார்கள். எத்தனையோ இரவுகள் துரத்தியும் பிடிக்க முடியாமல் அலைந்த காவலர்கள் தயங்காமல் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். காவல்துறை ஒருவருக்குத் தரக்கூடிய இதைவிடச் சிறந்த சான்றிதழ் எங்களுக்குத் தோன்றவில்லை. மே 23, 1952 அன்று, முப்பது வயதில், அவர் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓட்டினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டு இழித்தார்கள். கார் பாதியில் பழுதாகி நின்றது. ஆனால் இதுதான் தன் வேலை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே காரைச் சரிசெய்து இழுத்துக்கொண்டு, வின்ஸ்டன்-சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போனார். கறுப்பர்களுக்கு அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாட்கள் கழித்து ஹை பாயின்ட் ஊரிலும் அதுவே நடந்தது. வீடு திரும்பும் வழியில் கண்கள் கலங்கியதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் நாஸ்காரின் வாசலைத் தவிர்த்து, சிறு அமைப்புகள் நடத்திய பந்தயங்களில் ஓட்டிப் பெயரெடுத்தார். பிறகு ரிச்மண்ட் நகரில், உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்றிருந்த மைக் போஸ்டன் என்ற பகுதிநேர அலுவலர் ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். எதற்குள் காலை வைக்கிறாய் என்று தெரிந்துதான் கேட்கிறாயா என்று கேட்டுவிட்டு, அவர் உரிமத்தை எழுதிக் கொடுத்தார். மேலிடத்தின் ஆணையோ புரட்சிகர முழக்கமோ இல்லாமல் ஒரு சின்ன அதிகாரியின் கையெழுத்தில் அந்தக் கதவு திறந்தது என்பது எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

*

ஸ்காட் 1959-இல் வர்ஜீனியா மாநில அளவில் தன் பிரிவின் பட்டத்தை வென்றார். 1961 மார்ச் 4 அன்று தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் திடலில், அன்று கிராண்ட் நேஷனல் என்று அழைக்கப்பட்ட முதன்மைத் தொடரில் அடியெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 39. பிற ஓட்டுநர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில் அவர் புதுமுகம்.

இங்கே பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசாமல் மேலே போக முடியாது. போர்டு, கிறைஸ்லர் போன்ற கார் நிறுவனங்களின் ஆதரவு பெற்ற ஓட்டுநர்களுக்குப் புதிய கார்களும், உதிரி எஞ்சின்களும், பந்தயத்துக்குப் பந்தயம் புத்தம்புதிய டயர்களும், தேர்ந்த மெக்கானிக்குகளும் கிடைத்தார்கள். மற்றவர்கள் தம் கைப்பணத்தில் ஓட்டிய தனியாட்கள். ஸ்காட் தனியாட்களிலும் ஏழை. பிறர் ஓட்டித் தேய்ந்த கார்களை வாங்கி ஓட்டினார். பிறர் கழற்றிப் போட்ட டயர்களை மாட்டினார். மகன்கள்தாம் உதவியாளர்கள். பந்தயம் நடக்கும் ஊரில் கறுப்பருக்கு அறை கொடுக்கும் விடுதியும் சோறு போடும் உணவகமும் இருக்கும் என்ற உறுதி இல்லை. வண்டியிலேயே உறங்க வேண்டியிருந்தது. பந்தயக் கார்களில் ஓட்டுநரின் பெயரோடு மெக்கானிக்கின் பெயரையும் எழுதும் வழக்கம் உண்டு. ஸ்காட் தன் காரில் 'மெக்கானிக்: நான்' என்று எழுதி வைத்திருந்தார்.

அந்த இரண்டு சொற்களைப் படித்தபோதுதான் அவர் எப்படி ஓட்டினார் என்பது எங்களுக்குப் புரிந்தது. கையில் இருப்பது ஒரே எஞ்சின். அது வெடித்தால் அடுத்த வாரப் பந்தயம் இல்லை, வீட்டுக்குப் பணமும் இல்லை. ஆகவே முன்னால் போகிறவர்களை முழு வேகத்தில் துரத்துவது அவருக்குக் கட்டுப்படியாகாது. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அது தாங்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஓட்ட வேண்டும். முன்னால் பாய்ந்த பணக்காரக் கார்கள் ஒவ்வொன்றாகச் சூடேறியும் மோதியும் ஒதுங்க ஒதுங்க, இவர் இருபதாம் இடத்திலிருந்து பதினைந்துக்கும் பத்துக்கும் எட்டுக்கும் நகர்வார். பத்துக்குள் முடித்தால் கிடைக்கும் பரிசுப் பணத்தில் ஊர் போய்ச் சேரலாம், மறுபடியும் காரைப் பிரித்துப் பூட்டலாம்.

இப்படி அவர் முதன்மைத் தொடரில் 495 பந்தயங்களில் ஓட்டினார். அவற்றில் 147-இல் முதல் பத்து இடங்களுக்குள் முடித்தார். 20-இல் முதல் ஐந்துக்குள். 1966-இல் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல், ஆண்டு முழுவதுக்குமான புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். 1967 முதல் 1969 வரை மூன்றாண்டுகளும் முதல் பத்துக்குள் இருந்தார். பழைய டயர்களோடு இதைச் செய்வதற்கு வேகத்தைவிட அரிதான திறமைகள் வேண்டும். மகன் படித்த பட்டியலில் வெற்றிகளுக்கு மட்டுமே இடம் இருந்ததால் இவை எவையும் அவன் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை.

*

இனி அந்த ஒன்று.

1963 அமெரிக்கத் தென்மாநிலங்களில் எப்படிப்பட்ட ஆண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லில் ஜூன் 10 அன்று சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைக் காவலர்கள் தடியால் அடித்தும் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சியும் சிதறடித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேரணி. நவம்பர் 22 அன்று கென்னடி கொல்லப்பட்டார். அதற்கு ஒன்பது நாட்கள் கழித்து, டிசம்பர் 1 அன்று, புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம் நடந்தது.

ஸ்காட் ஓட்டியது 34 என்ற எண் கொண்ட செவ்ரலே. நெட் ஜாரெட் என்ற சக ஓட்டுநரிடமிருந்து வாங்கிய கார். பந்தயத்தின் பிற்பகுதியில் முன்னணியில் இருந்தவர் ரிச்சர்ட் பெட்டி. அவருடைய காரோ பழுதில் திணறிக்கொண்டிருந்தது. இன்னும் 25 சுற்றுகள் இருக்கும்போது ஸ்காட் அவரைத் தாண்டினார். அதன் பின் அவரை யாரும் நெருங்கவில்லை. 200 சுற்றுகளை முடித்து எல்லைக்கோட்டைக் கடந்தார். கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி இறங்கவில்லை. மீண்டும் சுற்றி வந்தார். அவருக்குக் கொடி இல்லை. இரண்டாம் இடத்தில் வந்த பக் பேக்கர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். கோப்பை அவர் கைக்குப் போனது.

ஸ்காட் முறையிட்டார். அதிகாரிகள் கணக்கு அட்டைகளை மீண்டும் எண்ணினார்கள். பார்வையாளர்கள் கலைந்து, விளக்குகளும் ஆரவாரமும் ஓய்ந்த பிறகு, ஸ்காட்தான் வென்றார் என்பதையும், அதுவும் இரண்டு சுற்று முன்னிலையில் வென்றார் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆயிரம் டாலர் பரிசுத் தொகை கிடைத்தது. பேக்கர் கோப்பையோடு ஊருக்குப் போய்விட்டிருந்தார். சில வாரங்கள் கழித்து வேறொரு திடலில் ஸ்காட்டின் கையில் ஒரு மலிவான மரக் கோப்பையைக் கொடுத்தார்கள். வெற்றி பெற்றவரோடு அழகுராணி நின்று முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொள்வது அக்கால வழக்கம். வெள்ளையினப் பெண்ணும் கறுப்பின வெற்றியாளரும் அப்படி நிற்கும் காட்சியைத் தவிர்க்கவே அந்த 'பிழை' நேர்ந்தது என்று ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் கடைசி வரை நம்பினார்கள். எண்ணிக்கையில் நேர்ந்த தவறு என்பதே அதிகாரிகளின் விளக்கம்.

நாங்கள் இருவரும் இந்த இடத்தில் வெகுநேரம் வாதிட்டோம். எங்களில் ஒருவர் கணக்கு வேலை பார்ப்பவர். எண்ணும்போது தவறு நேரும் என்று அறிந்தவர். அக்காலத்தில் சுற்றுகளை எண்ண மின்னணுக் கருவிகள் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள், பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவியோ உறவினரோ, அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, கார் தம்மைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். புழுதி பறக்கும் மண் தடத்தில் ஒரு சுற்று விட்டுப்போவது அரிதன்று. 1959-இல் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்தில் ஜானி போஷாம்ப் வென்றார் என்று அறிவித்தார்கள். புகைப்படங்களை ஆராய்ந்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டியே வென்றவர் என்று திருத்தினார்கள். அதே ஆண்டு அட்லாண்டாவின் லேக்வுட் திடலில் இளைஞர் ரிச்சர்ட் பெட்டி வென்றதாகக் கொடி காட்டப்பட்டபோது, எண்ணிக்கை தவறு என்று முறையிட்டு அந்த வெற்றியைத் தட்டிப் பறித்தவர் அவருடைய சொந்தத் தந்தை லீ பெட்டியே. ஆகவே ஜாக்சன்வில்லில் நடந்ததும் உண்மையான பிழையாக இருந்திருக்கக்கூடாதா என்பது ஒருவரின் கேள்வி.

இருக்கலாம் என்றார் மற்றவர். ஆனால் போஷாம்ப்புக்கும் ரிச்சர்ட் பெட்டிக்கும் அது பிழைதான் என்று நம்பும் வசதி இருந்தது. வின்ஸ்டன்-சேலத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவருக்கு அந்த வசதி எங்கிருந்து வரும்? 1954-இல் ராலி நகரில் பந்தயம் நடத்தியவர் வெள்ளை ஓட்டுநர்களுக்கெல்லாம் பெட்ரோல் காசு கொடுத்துவிட்டு ஸ்காட்டுக்கு மட்டும் கையை விரித்தார். மறுநாள் பில் பிரான்ஸைத் தேடிப் பிடித்துச் சொன்னபோது, அவர் தன் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்து, நாஸ்கார் உன்னை வேறுபடுத்தி நடத்தாது என்று வாக்களித்தார். அந்த வாக்கைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஸ்காட் ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜாக்சன்வில்லில் கொடிக்காகக் காத்திருந்தார். இரண்டு சுற்று முன்னால் போகிற ஒருவரை யாருமே பார்க்கவில்லை என்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வது? நேர்மையான பிழையையும் திட்டமிட்ட அநீதியையும் பிரித்தறியும் வாய்ப்பே ஒருவருக்கு இல்லாமல் போய்விடுகிறது. அது அவருக்குக் கோப்பை கிடைக்காததைக் காட்டிலும் பெரிய இழப்பு என்று அன்றிரவு எங்களுக்குப் பட்டது. கணக்கு வேலை பார்ப்பவர் அதன்பின் பேசவில்லை.

*

அந்த வெற்றிக்குப் பிறகும் பெரிய நிறுவனம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அவரோ தொடர்ந்து ஓட்டினார். 1973 மே மாதம் அலபாமாவின் டலடேகா திடலில், கடன் வாங்கிச் சேர்த்த காரோடு இறங்கினார். பத்துச் சுற்றுகூட முடியாத நிலையில் ஏறத்தாழ இருபது கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மோதிச் சிதறிய விபத்தில் அவருடைய கார் நொறுங்கியது. விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. வயது 51. அந்த ஆண்டின் இறுதியில் ஒரே ஒரு பந்தயத்தில் ஓட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1977-இல் ரிச்சர்ட் பிரையர் நடிக்க அவருடைய கதை 'கிரீஸ்ட் லைட்னிங்' என்ற பெயரில் திரைப்படமானது. ஸ்காட் டான்வில்லில் கார்களைப் பழுதுபார்த்துக்கொண்டே வாழ்ந்து, 1990 டிசம்பர் 23 அன்று புற்றுநோயால் மறைந்தார்.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. 2010-இல் ஜாக்சன்வில்லில் அவர் குடும்பத்துக்கு மாற்றுக் கோப்பை ஒன்று கொடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் சார்லட் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 28 அன்று, உயிரோடிருந்தால் அவருக்கு நூறு வயது நிறையும் நாளுக்கு முந்தைய நாள், டேட்டோனாவில் நாஸ்கார் அமைப்பே அவர் குடும்பத்தின் கையில் ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையைக் கொடுத்தது. பந்தயம் முடிந்து 57 ஆண்டுகளும் சில மாதங்களும் கடந்திருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று டலடேகாவில் பபா வாலஸ் வென்றார். முதன்மைத் தொடரில் ஸ்காட்டுக்குப் பிறகு வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் அவர்தான். அவர் 2014-இல் மார்ட்டின்ஸ்வில்லில் ஸ்காட்டின் நினைவாக 34 என்ற எண்ணைப் பொறித்த பந்தய டிரக்கை ஓட்டி வென்றவர். தென்மாநிலங்களின் பழைய போர்க்கொடியைப் பந்தயத் திடல்களில் ஏந்தக்கூடாது என்று நாஸ்கார் தடை செய்ததோ 2020 ஜூனில்தான். ஸ்காட் ஓட்டிய 495 பந்தயங்களில் எத்தனை முறை அக்கொடிகளைக் கடந்து போயிருப்பார் என்பதை எண்ணிச் சொல்ல யாரிடமும் அட்டை இல்லை.

இவற்றைப் படித்து நெகிழ்வது எளிது. நாங்களும் நெகிழ்ந்தோம். ஆனால் நெகிழ்ச்சி அடங்கிய பிறகு ஓர் எளிய கணக்கு மிஞ்சியது. 42 வயதில் அன்று மாலை அந்தத் திடலில் அந்தக் கொடி இறங்கியிருந்தால், மறுநாள் நாளிதழில் அந்தப் படம் வந்திருந்தால், ஏதோ ஒரு நிறுவனம் ஒரு புது எஞ்சினோடு அவர் கடை வாசலுக்கு வந்திருக்கக்கூடும். 2021-இன் கோப்பையால் 1964-க்கான எஞ்சினைக் கொடுக்க முடியாது.

*

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, மகனை அழைத்துக்கொண்டு டான்வில்லுக்குப் போனோம். சார்லட்டிலிருந்து கிரீன்ஸ்பரோ வழியாக இரண்டரை மணி நேரப் பயணம். அந்த ஊரில் ஒரு தெருவுக்கு ஸ்காட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலம் 2013-இல் அவருக்கென ஒப்புதல் அளித்த வரலாற்றுப் பலகை, வெள்ளிநிறப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளோடு நிற்கிறது. மகன் வழக்கம்போல் எண்களைத் தேடினான். 20 என்பதையும் 147 என்பதையும் கண்டுபிடித்தான். 147 என்றால் என்ன என்று கேட்டான். பழைய டயர், ஒரே எஞ்சின், 'மெக்கானிக்: நான்' என்று நாங்கள் படித்ததையெல்லாம் சொன்னோம். பாதி கேட்டான், பாதி நேரம் ஆற்றைப் பார்க்கப் போகலாமா என்றான்.

மறுநாள் அங்கிருந்து மேற்கே அரை மணி நேரத்துக்கும் சற்றே கூடுதலான தொலைவில் உள்ள மார்ட்டின்ஸ்வில்லில் பந்தயம் இருந்தது. முன்பு பாதியில் எழுந்து வந்த அதே திடல். இம்முறை பஞ்சுக்குப் பதிலாக ஒழுங்கான காதடைப்பான்களை வாங்கிக்கொண்டோம். மகன் எங்களிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டான். எதற்கென்று சொல்லவில்லை. பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகள் கழிந்த பிறகே கவனித்தோம். முன்னால் போகிறவர்களை அவன் பார்க்கவே இல்லை. கடைசி வரிசையில் புறப்பட்ட, பெரிய விளம்பரம் எதுவும் இல்லாத ஒரு காரைத் தேர்ந்தெடுத்து, அது எங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான்கு கோடுகள், குறுக்கே ஒன்று, மறுபடியும் நான்கு.

இடையில் அவனுக்குத் தாகமெடுத்தது. தாளை எங்கள் கையில் கொடுத்தான். "நான் வர்ற வரைக்கும் விடாம எண்ணணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். புழுதியில்லாத நல்ல தடம், வெளிச்சமான பகல். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு காரைத் தவற விடாமல் எண்ணுவதற்கே கண்கள் போதவில்லை. இரண்டு முறை தவறவிட்டோம் என்று நினைக்கிறோம். அவன் திரும்பி வந்து கேட்டபோது அதை அவனிடம் சொன்னோம். அவன் தாளில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, மேலே எண்ணத் தொடங்கினான்.